வழிக்கு உரியது

எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடி பீச் ரோட்டில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். காலையில் மிஷின் உறையைக் கழற்றினால் சாயங்காலம் வரை விரல்களுக்கு ஒரே பாடம்தான்: வார்ஃபேஜ், லைட்டரேஜ், கிரேனேஜ், பைலட்டேஜ், டெமரேஜ். துறைமுகத்தில் எதைத் தொட்டாலும் அதற்கொரு கட்டணம் உண்டு, அந்தக் கட்டணத்தின் பெயர் ‘ஏஜ்’ என்றுதான் முடியும். துறைமேடையில் சரக்கை இறக்கினால் வார்ஃபேஜ். பழைய துறையில் ஆழம் கிடையாது என்பதால் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து தோணியில் சரக்கைக் கரைக்குக் கொண்டுவந்தால் லைட்டரேஜ். சொன்ன நாளுக்குள் ஏற்றி இறக்காமல் கப்பலைக் காக்க வைத்தால் டெமரேஜ். இந்த ஏஜுக்கு வேண்டிய மூன்று எழுத்தும் டைப் மிஷினில் இடது கைப் பக்கமே இருக்கின்றன. என் இடது கை தூக்கத்தில்கூட அதை அடிக்கும் என்று அம்மா சொல்வாள்.

அவற்றை நான் என் வார்த்தைகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் டெமரேஜ் என்றால் என்ன என்று தெரிந்த பெண் நான் ஒருத்திதான். வீட்டில் அப்பாவுக்குத் தெரியும். அப்பா தோணித் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பாய் விரித்துப் போய் வருகிறவர். கரையில் இருக்கும் நாட்களில் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்ததும் என்னைத்தான் பார்ப்பார். இன்றைக்கு எந்தக் கப்பல் டெமரேஜில் நிற்கிறது, எந்த ஏஜெண்டு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல மென்றுகொண்டே கேட்பார். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே நான் நாள் முழுக்க டைப் அடித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு ஒரு தம்பி. சின்ன வயதிலேயே சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் போய்விட்டான். எங்கள் கடற்கரையில் ஒரு வீட்டிலிருந்து ஒருவன் குருமடத்துக்குப் போனால் அவன் போன நாளிலிருந்தே அந்த வீட்டில் அவன் பெரிய ஆள். ஊரில் இருக்கிற பிள்ளை தலைகீழாக நின்றாலும் இல்லாத பிள்ளையின் நிழலுக்குத்தான் மரியாதை. வருடம் முழுக்க நான் சம்பளம் கொண்டுவருவேன், தண்ணீர் பிடிப்பேன், அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பேன். மே மாத விடுமுறைக்கு அவன் வந்து இறங்குவான். சீலா மீனின் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போகும், எனக்கு வால் வரும். மீன் வால் எனக்குப் பிடிக்கும் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

மீனைக்கூட விட்டுவிடுவேன். லத்தீனைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது பூசைக்கு உதவி செய்தவர். அந்தக் காலப் பூசை முழுக்க லத்தீன். பதில் எல்லாம் அவருக்குக் காதால் பாடம், அர்த்தம் மட்டும் தெரியாது. பூசை தமிழுக்கு மாறிய பிறகு அந்தப் பாடத்தைச் சொல்ல அவருக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. தம்பி வந்தால் போதும், இரண்டு பேரும் வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர் ஒரு வரியைச் சொல்வார், இவன் அர்த்தம் சொல்வான். அவர் முகம் விளக்கைத் தூண்டிவிட்டதுபோல் ஆகும். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். பெண் பிள்ளைகள் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாத காலம் அது. லத்தீனுக்கும் எனக்கும் நடுவே எப்போதும் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது.

அப்படி ஒரு மே மாதத்தில்தான் அவன் என் வார்த்தைகளிலும் கை வைத்தான். ராச்சாப்பாடு. அப்பா வழக்கம்போல என்னைப் பார்த்து டெமரேஜ் நிலவரம் கேட்டார். நான் ஒரு கப்பலின் கதையை எடுத்துவிட்டேன். பாதிக் கதையில் தம்பி, வாயில் சோற்றோடு, குறுக்கே வந்தான்.

“அக்கா, அந்த ஏஜ் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா?”

“ஹார்பர்லேருந்து,” என்றேன்.

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவும் கூடச் சிரித்தார். பிறகு அவன் விளக்கத் தொடங்கினான். அது ரோமாபுரிக்காரர்கள் வார்த்தைக்குப் பின்னால் ஒட்டிய வாலாம். லத்தீனில் ‘ஆத்திகும்’ என்று இருந்ததாம். எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அதற்கு ‘உரியது’ என்று அர்த்தமாம். வில்லா என்றால் பண்ணை வீடு. பண்ணை வீட்டுக்கு உரியது வில்லாத்திகும், அதுதான் வில்லேஜ். காட்டுக்கு உரியது என்ற சொல்தான் சாவேஜ் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அந்த நீளமான ஆத்திகும் தேய்ந்து தேய்ந்து ‘ஆஜ்’ ஆனது. அங்கிருந்து கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது. இங்கிலீஷ்காரனுக்கு அது பிடித்துப்போய்த் தன் சொந்தச் சொற்களிலும் ஒட்டிக்கொண்டான். வார்ஃப் அவன் சொல், வால் ரோமாபுரியுடையது. இப்படிச் சொல்லிக்கொண்டே அவன் நடுத்துண்டின் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் வருடக்கணக்காக டெமரேஜ் சொல்லியும் அவர் ஒரு நாளும் மெல்வதை நிறுத்தியதில்லை.

தம்பி அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“வியாத்திகும்னு ஒரு சொல்லு இருக்குப்பா. வியான்னா வழி. வழிக்கு உரியது. வழியில திங்க எடுத்துட்டுப் போறது. நம்ம கெட்டுச்சோறுதான். அதுதான் தேஞ்சு வோயேஜ் ஆச்சு. மொதல்ல சோத்துக்குப் பேரு, பெறகு பயணத்துக்கே பேராயிட்டு.”

சாகப்போகிறவர்களுக்குக் நாக்கில் வைக்கும் கடைசி நன்மை அப்பத்துக்கும் திருச்சபையில் அதே பெயர்தான் என்றும் சொன்னான். கண்ணை மூடுகிற பயணத்துக்கு அதுதான் வழிச்சாப்பாடாம். அப்பா “கெட்டுச்சோறா!” என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஏனென்றால் அந்த வீட்டில் கட்டுச்சோறு என்னுடையது.

அதைச் சொன்னால்தான் என் எரிச்சல் புரியும். கொழும்புத் தோணியில் சமைக்கப் பண்டாரி உண்டு. ஆனாலும் கரை விட்டதும் முதல் வேளைச் சாப்பாடு வீட்டுச் சாப்பாடாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவுக்கு முழங்கால் மடங்காமல் போன நாளிலிருந்து அதைக் கட்டுவது நான்தான். ஓலைக் கொட்டானில் வாழையிலை விரித்து, புளிச்சோறு, தேங்காய்த் துவையல், பொரித்த கருவாடு வைத்து, அதைத் துணியில் கட்டுவேன். எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் அப்பாவின் கையில் நானே கொடுப்பேன். கட்டியவள் கையால்தான் கொடுக்க வேண்டும், இன்னொருத்தர் கை மாறக் கூடாது. கொட்டான் கைக்கு வராமல் அப்பா தோணியில் கால் வைக்க மாட்டார். காற்று நன்றாக அடிக்கிறது, நேரமாகிறது என்று தோணியாட்கள் கத்தினாலும் நிற்பார். வாங்கியதும் முடிச்சைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து “சரி” என்பார். அந்தச் ‘சரி’க்குப் பிறகுதான் ஏறுவார்.

அந்த முடிச்சும் தனி. ஒரு கை சுக்கானில் இருக்கும்போது இன்னொரு கையால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். எவ்வளவு ஆட்டத்திலும் தானாக அவிழக் கூடாது. நானே முடிந்து முடிந்து பார்த்துக் கண்டுபிடித்தது. திரும்பி வரும்போது அந்தத் துணி வெறும் துணியாக வராது. சோப்போ, கிராம்போ, ஒரு கண்ணாடி வளையலோ அதில் முடிந்து என் கையில் தருவார். அம்மாவுக்குத் தனியாக வாங்கி வருவார். துணியில் முடிந்து வருவது எனக்கு. அப்பாவிடம் எனக்கென்று இருந்த இடம் அந்தத் துணியின் அகலம்தான். அதற்கும் இவன் ரோமாபுரியிலிருந்து பட்டா கொண்டுவந்துவிட்டான்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எங்கள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, மில்லர்புரத்திலிருந்து சைக்கிளில் வருகிற அண்ணாச்சி, ஒரு தடித்த ஆங்கில அகராதியை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சாவியை வாங்கிக்கொள்வேன். டைப்பிங் பிழை பார்க்க என்று சொன்னேன். அவரும் பொறுப்பான பெண் என்று மெச்சிக்கொண்டார். அந்த வாலின் ஜாதகத்தையே எடுத்துவிட்டேன். அது கட்டணத்துக்கு மட்டும் சொந்தமில்லை. பல பொருள் சேர்ந்து ஒன்றானால் அங்கேயும் ஒட்டும், பேகேஜ் மாதிரி. இடத்தைச் சொல்லும், ஆங்கரேஜ், ஆர்ஃபனேஜ். செய்கையைச் சொல்லும், பாசேஜ். நிலையைச் சொல்லும், பாண்டேஜ். மேரேஜும் அதே ஜாதிதான். எனக்கு அந்த வார்த்தை மட்டும் வந்து சேராமல் இருந்தது. அம்மா சில நாள் என்னைப் பார்க்கிற பார்வையில், இறக்க ஆளில்லாமல் துறையில் நிற்கிற கப்பலுக்கு ஏறும் டெமரேஜைப் பார்ப்பேன்.

அடுத்த மே மாதத்துக்கு ஆயத்தமாக இருந்தேன். அவன் வந்த முதல் ராச்சாப்பாட்டிலேயே ஆரம்பித்தேன். கரேஜ் இதயத்துக்கு உரியது, லாங்வேஜ் நாக்குக்கு உரியது என்று வரிசையாக எடுத்து விட்டேன். அப்பாவின் கை தட்டில் மெதுவாயிற்று. எனக்குத் தலை கிறுகிறுத்தது. அந்த வேகத்தில் கேபேஜையும் அதில் சேர்த்துவிட்டேன். தோட்டத்துக்கு உரியதாக இருக்கும் என்று நானே ஒரு கதையும் கட்டினேன்.

“கேபேஜ் தலையிலேருந்து வந்ததுக்கா. கோசுதான் உருண்டையா தல மாதிரி இருக்குல்லா? அதுல வாலே கெடையாது,” என்றான் தம்பி.

அப்பா புரை ஏறும்வரை சிரித்தார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கோசுக்கறி வைத்த நாளெல்லாம் யாராவது ஒருவர் வாலைத் தேடுவார்கள். நான் கோசு வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

சில வருடம் கழித்து அவனுக்குக் குருப்பட்டம். எங்கள் கோயிலில் முதல் பூசை. தோரணம், பேண்டு, பந்தி, ஆலந்தலையிலிருந்து அம்மாவின் சொந்தக்காரர்கள் வேன் நிறைய. பூசை முடிந்ததும் புதுச்சாமியின் உள்ளங்கையை முத்தி செய்ய, அதாவது முத்தமிட, வரிசையில் போக வேண்டும். பட்டத்தின்போது எண்ணெய் பூசிய கைகள். முதலில் அப்பாவும் அம்மாவும், அடுத்து நான். அந்தக் கையில் அழுக்கு இருந்த காலத்தில் கழுவிவிட்டவள் நான். நகத்தில் மண் போக ஈர்க்குச்சியால் நோண்டிவிட்டவள் நான். குனிந்து முத்தி செய்தேன். எண்ணெய் வாசனையோடு எனக்கு அழுகை வந்தது. பக்தியில் அழுகிறேன் என்று சித்தி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் அழுதது முழுக்கப் பொறாமையில்.

அன்றிலிருந்து அவன் பெயர் வீட்டிலும் ‘சாமி’. பெற்றவளே “வாங்க சாமி, உக்காருங்க சாமி” என்றாள். நானும் அப்படியே கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. முதல் இரண்டு முறை என் நாக்கு ‘லே’ என்றுதான் போனது, அம்மா முறைத்தாள். பிறகு பழகிக்கொண்டேன். சாமி என்று கூப்பிடும்போது அவன் கொஞ்சம் கீழே பார்ப்பான். கர்வம் என்று நினைத்தேன்.

அந்த வாரத்திலேயே அப்பாவுக்குக் கொழும்புப் பயணம் இருந்தது. காலையில் நான் கொட்டானைக் கட்டிக்கொண்டு கரைக்கு நடந்தேன். தோணியை மந்திரிக்கச் சாமியும் வந்திருந்தான். வெள்ளை அங்கி காற்றில் படபடத்தது. தீர்த்தம் தெளித்து முடிந்ததும் தோணியாட்கள் எல்லோரும் குருசு போட்டுக்கொண்டார்கள். நான் கொட்டானை நீட்டப் போனேன். அப்போது, காலை இழுத்துக்கொண்டு கூடவே வந்திருந்த அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

“சாமி கையால குடுக்கட்டும். வழிக்கு நல்லது.”

கட்டியவள் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கையை நீட்டிவிட்டான். வேண்டாம் அம்மா, அது அக்கா வேலை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் கையிலிருந்து வாங்கி அப்பாவிடம் கொடுத்தான். அப்பா குனிந்து, இரண்டு கையாலும் வாங்கி, அவன் கையை முத்தி செய்து ஏறிவிட்டார். முடிச்சைத் தடவிப் பார்க்கவில்லை. ‘சரி’ என்று சொல்லவில்லை. பாய் விரிந்து தோணி முயல்தீவுப் பக்கம் திரும்பும்வரை நான் நின்றேன். பக்கத்தில் நின்ற சாமி என்னிடம் ஏதோ சொன்னான். காற்றில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அப்பா திரும்பி வந்தபோது துணியில் முடிந்து ஒரு சின்ன ஜெபமாலை இருந்தது. துணியோடு அம்மாவிடம் கொடுத்து, சாமி வரும்போது கொடுக்கச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். அன்றைக்கு மீன் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன்.

பிறகு புதுத் துறைமுகம் வேலைக்கு வந்தது. கப்பல்கள் நேராக மேடையில் வந்து கட்டத் தொடங்கின. லைட்டரேஜ் என்று அடிப்பது குறைந்து, என் இடது கை வேறு ஏஜ்களுக்குப் போனது. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கத் தொடங்கியது. கடைசியாக ஒருமுறை கொழும்புக்குப் போய் வந்தார். அப்போது சாமி ஊரில் இல்லை, கொட்டானை நான்தான் கொடுத்தேன். அவர் முடிச்சைத் தடவி ‘சரி’ என்றார். அது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமில்லை. ஆள் இல்லாததால் கிடைத்தது என்று தோன்றிவிட்டது. அதுதான் பொறாமையின் வேலை. கைக்கு வந்ததையும் தின்ன விடாது.

அவர் படுத்துவிட்ட பிறகு டாக்டர் இனி ஒன்றும் இல்லை என்று சொன்னார். ஆள் அனுப்பி, உள்நாட்டில் ஒரு பங்குக் கோயிலில் இருந்த சாமியை வரவழைத்தோம். அவன் வந்து சேர்ந்தது ஒரு மத்தியானம். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் வெள்ளைத் துணி, குருசு, எரிகிற மெழுகுவர்த்தி. எங்கள் தெருப் பெண்கள் முக்காடு போட்டு முழந்தாளில் நின்றார்கள். வெளியே கச்சான் காற்று ஜன்னல் கதவை இழுத்து இழுத்து அடித்தது. சாமி அப்பாவுக்கு எண்ணெய் பூசினான், ஜெபம் சொன்னான், கடைசி நன்மையைக் கையில் எடுத்தான். நான் கதவோரம் நின்றேன். அவருடைய கடைசிப் பயணத்துக்கான சாப்பாட்டையும் இவன் கையால்தான் வாங்கப்போகிறார் என்று எனக்குப் பட்டது. அப்பா சாகப்போகிற நேரத்தில் அந்த நினைப்பு வரலாமா என்றால், வந்தது.

“அப்பா, வாயத் தெறங்க.”

அப்பா வாயைத் திறக்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. சாமி மறுபடியும் சொன்னான். உதடு இறுகியது. அம்மா, நினைவு தப்பிவிட்டது என்று அழத் தொடங்கினாள். சாமி கையை இறக்கினான்; வாங்காதவருக்குக் கொடுக்க முடியாது. அப்பாவின் கண் அவன் முகத்தைத் தாண்டி, நின்றவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே போனது. பிறகு தோணியாட்களை அதட்டும் குரலில், மூச்சைப் பிடித்து ஒரு வார்த்தை சொன்னார்.

“கொட்டான் வரலையே.”

அம்மா பிதற்றுகிறார் என்றாள். எனக்கு உடனே புரிந்தது. எல்லோரும் கூடி நிற்கிறார்கள், சாமி மந்திரித்தாகிவிட்டது, காற்று அடிக்கிறது. அவர் கரையில் நிற்கிறார். கொட்டான் இல்லாமல் அவர் கால் வைக்க மாட்டார். எனக்குப் புரிந்த அதே நொடியில் தம்பிக்கும் புரிந்தது. நன்மையைச் சின்னப் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, போய்க் கெட்டு.”

அடுப்பில் அன்றைக்கு யாரும் உலை வைக்கவில்லை. பானையில் பழைய சோறு இருந்தது. பிழிந்து எடுத்து உப்புப் போட்டு, உறியில் இருந்த கருவாட்டுத் துண்டு ஒன்றைச் சுடாமலே வைத்து, கொட்டானை மூடித் துணியைச் சுற்றினேன். முடிச்சு தப்பவில்லை. அந்த முடிச்சை என் கை அறியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அப்பாவின் கையில் வைத்தேன். அவர் கட்டை விரல் மெதுவாக ஊர்ந்து முடிச்சைத் தேடியது. தொட்டது. தடவியது.

“சரி,” என்றார்.

பிறகு தம்பியின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அவன் நன்மையை நாக்கில் வைத்தான். நான் அப்போது தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் அப்பாவின் வாயைப் பார்க்கவில்லை; நெஞ்சின் மேல் இருந்த கொட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டு நான் வாசலைப் பார்த்த பார்வை அது. அன்று சாயங்காலம் அப்பா போய்விட்டார்.

அப்பாவைச் சவப்பெட்டியில் வைக்கும்போது சித்தி கொட்டானை எடுக்கப் பார்த்தாள். எறும்பு மொய்க்கும், கோயிலுக்குள் சோறு எப்படிக் கொண்டுபோவது என்றாள். விரல் துணியை விடவில்லை. சாமி “இருக்கட்டும் சித்தி,” என்று சொல்லிப் பெட்டியை மூடச் சொன்னான். கட்டிக் கொடுத்த துணிகளில் திரும்பி வராமல் போனது அது ஒன்றுதான்.

மறுநாள் பூசையெல்லாம் முடிந்து, அவன் தன் பங்குக்குக் கிளம்ப வேண்டும். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். அவன் அங்கியோடு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான். குருமடத்துக்கு முதல்முதலாகப் போன நாளைப் பற்றிச் சொன்னான். எங்கள் கோயில் பெரிய சாமியோடு பஸ்ஸில் போனானாம். அம்மா அழுதுகொண்டிருந்ததில் யாருக்கும் நினைப்பு இல்லை, அவனுக்கு ஒன்றும் கட்டிக் கொடுக்கவில்லை. வழியில் ஒரு கடையில் பெரிய சாமி வாங்கிக் கொடுத்த இட்லியை வாயில் வைக்க முடியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டானாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மே மாதமும் நான் அப்பாவுக்குக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பானாம்.

“எனக்கு உன் மேல அவ்வளவு பொறாமக்கா. அன்னிக்கு கரையில கைய நீட்டிட்டேன். குடுத்த பெறகுதான் தெரிஞ்சுது, நான் குடுத்தேனே ஒழிய எனக்கு யாரும் குடுக்கலன்னு.”

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், முதலில் இனித்தது. நடுத்துண்டு தின்றவனுக்கு, லத்தீன் படித்தவனுக்கு, ஊரே கையை முத்தி செய்தவனுக்கு என் மேல் பொறாமை. அதை நான் ஒரு மிடறு ருசித்துவிட்டுத்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். இட்லியைப் பையில் வைத்துக்கொண்ட பயல் அங்கே நின்றான்.

“எனக்கும் ஒண்ணு கெட்டித் தாயேன்,” என்றான்.

“ஏலே, இரு,” என்றேன். சாமி என்பது மறந்தே போய்விட்டது. அவன் அதைத் திருத்தவில்லை.

சாவு வீட்டில் புளி கரைக்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. உலை வைத்து, புளிச்சோறு கிளறி, தேங்காய் துருவித் துவையல் அரைத்து, கருவாடு பொரித்தேன். எதிலும் குறை வைக்கவில்லை. புது ஓலைக் கொட்டானில் இலை விரித்து வைத்து, புதுத் துணி எடுத்தேன். அவன் தரையில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் துணியின் இரண்டு முனையையும் சேர்த்து இழுத்து, சந்தைக்குப் போகிறவர்கள் போடுகிற சாதாரண இரட்டை முடிச்சைப் போட்டேன்.

“அப்பாவுக்குப் போடுத முடிச்சு இல்லையா?” என்றான்.

“அது அப்பாவுக்கு உரியது,” என்றேன்.

லத்தீன் படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். நானும் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கொட்டானை மடியில் வைத்துக்கொண்டான். அந்த முடிச்சை அவிழ்க்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்திருக்கும்.